நாலு தடிமன் கயிறு

"கும்மிருட்டுல ஓட்டணும் சார். ஒரு பொட்டு வெளிச்சம்கூட இருக்காதுன்னு வெச்சுக்குங்க" என்றார் வந்தவர். நாற்காலியைக் காட்டியும் உட்காராமல், மேசைக்கும் சன்னலுக்குமாக நடையாய் நடந்துகொண்டிருந்தார்.

ஸ்கேல்காரர் வந்தவரை ஏற இறங்கப் பார்த்தார். சின்னப் பாய்மரப் படகுகளுக்கு முப்பது வருஷமாக வரைபடம் போடுகிறவர் அவர். சட்டைப் பையில் ஸ்கேல் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. போன வருஷம்தான் பக்கத்துப் பட்டறைக்காரர், ஆள் தெரியாமல் ஒரு கடத்தல்காரனுக்குப் படகு கட்டிக் கொடுத்துவிட்டு, இன்றுவரை கோர்ட்டுக்கு அலைகிறார்.

"ஃபோன்ல குடும்பப் படகுன்னுதானே சொன்னீங்க?"

"ஆமா சார். நான், சம்சாரம், பொண்ணு. டிரெய்லர்ல ஏத்தி, கார் பின்னாடி இழுத்துட்டுப் போற சைஸ் போதும். கொக்கி மட்டும் லேசா மாட்ட வரணும். இனிமே கார் ஓட்டப்போறது சம்சாரம்தான்."

அடப்பாவி, பெண்டாட்டியையுமா இதில் மாட்டிவிடுகிறான்! ஸ்கேல்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு வரைபடத்தை விரித்தார்.

"பாயை ஏத்த, இறக்க, திருப்பன்னு மொத்தம் நாலு கயிறு. குழப்பம் வராம நாலையும் நாலு கலர்ல போட்டுடுவோம்."

"கலர் வேண்டாம் சார். நாலு தடிமன்ல போடுங்க. கை பட்டதுமே எந்தக் கயிறுன்னு தெரியணும்."

"சரி, எப்போ வேணும்?"

"மூணு மாசத்துக்குள்ள. அதுக்கு மேல தாங்காது."

இதென்ன, காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு வந்து நிற்கிறான்? ஸ்கேல்காரர் நூல் விட்டுப் பார்த்தார். "வீட்டம்மாவும் ஒரு தடவை வந்து பார்க்கட்டுமே."

நடை நின்றது. வந்தவரின் முகம் வெளிறிப்போனது. "ஐயையோ, அவளுக்கு இப்போ எதுவும் தெரியக் கூடாது!"

அவ்வளவுதான். ஸ்கேல்காரர் வரைபடத்தைச் சுருட்டி வைத்துவிட்டு ஃபோனை எடுத்தார். "நான் பிள்ளைகுட்டிக்காரன்யா. துறைமுகப் போலீசைக் கூப்பிடறேன். இருட்டுல எதைக் கடத்தப்போறீங்கன்னு அவங்ககிட்டயே சொல்லிக்குங்க."

வந்தவர் தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நாளைத்தான் சார் கடத்திட்டேன். கடலுக்கு அப்புறம் கூட்டிட்டுப் போறேன், அப்புறம் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிச் சொல்லியே பொண்ணுக்கு ஏழு வயசாயிடுச்சு. டாக்டர் மூணு மாசம்தான் கெடு கொடுத்திருக்கார். வீட்டுல எப்படிச் சொல்றதுன்னே தெரியல."

ஸ்கேல்காரரின் கையிலிருந்த ஃபோன் தாழ்ந்தது. "அதுக்கும் இருட்டுக்கும் என்னங்க சம்பந்தம்?"

"இருட்டப்போறது கடல் இல்ல சார், என் கண்ணு."