நடுவில் இல்லாத வரிகள்

நடத்தி ஒன்பது நாட்கள் ஆன பாடம். புத்தகங்கள் மூடியிருந்தன.

"இன்னைக்கும் பழைய சோறா மிஸ்?"

பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல். பத்தாம் வகுப்பே சிரித்தது.

டீச்சர் இப்படித்தான் நடத்துவாள். மறக்கத் தொடங்கும் நேரம் பார்த்துக் கேட்பாள். தேடி எடுத்தது மனதில் தங்கும்.

இதயத்தில் ரத்தம் ஓடும் வழியைச் சொல்ல வினோதாவை எழுப்பினாள். அரையாண்டில் தேறாதவர்களை அனுப்பிவிடலாம் என்று தலைமையாசிரியை சொன்னபோது முதலில் வந்த பெயர்.

"வலது ஆரிக்கிள். வலது வெண்ட்ரிக்கிள்."

நின்றாள்.

"இடது வெண்ட்ரிக்கிள். பெருந்தமனி."

ரத்தம் நுரையீரலுக்குப் போகவே இல்லை.

"நு..." என்று டீச்சர் எடுத்துக்கொடுத்தாள்.

மற்ற பிள்ளைகளுக்கு அது போதும். மறந்தது, முதல் எழுத்துக்கு அசைந்துகொடுக்கும்.

வினோதாவிடம் எதுவும் அசையவில்லை. அந்த வரியைக் கேட்டே இராதவள் போல நின்றாள்.

அடுத்த பாடத்தை டீச்சர் வினோதாவைப் பார்த்தபடியே நடத்தினாள்.

நடுவில் வினோதாவின் பேனா நின்றது. கண்கள் திறந்திருந்தன. இமைகள் மட்டும் துடித்தன.

டீச்சர் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். பக்கத்தில் இருந்தவள் முழங்கையால் இடித்தாள்.

பிறகு பேனா தானாக நகர்ந்தது. அதற்குள் பாடம் இரண்டு வாக்கியம் தாண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை வினோதாவின் அம்மாவை வரச் சொல்லியிருந்தார்கள்.

"இந்த வருஷம் நூறு சதவீதம் காட்டணும்மா," என்றார் தலைமையாசிரியை. "டி.சி. வாங்கிக்கங்க. பிரைவேட்டா எழுதட்டும்."

அந்த அறையில் டீச்சர் இதுவரை வாய் திறந்ததில்லை.

"இவ மறக்கல மேடம். நான் சொல்றது சில நேரம் இவளுக்குள்ள போகவே இல்ல." அம்மாவிடம் திரும்பினாள். "டாக்டர்கிட்ட காட்டியிருக்கீங்களா?"

அம்மாவின் கை மகளின் மணிக்கட்டைப் பற்றியது.

"டாக்டர் எதுக்கு மிஸ்? இவ மக்கு. சின்னதுலருந்தே மக்குதான்."

சொல்லும்போது அவள் மகளைப் பார்க்கவில்லை.

தலைமையாசிரியை கையெழுத்துப் போடப் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

வினோதா கையை உருவிக்கொண்டாள்.

"நடுநடுவுல நினைவு நின்னுபோறதுக்கு மூணு வருஷம் மாத்திரை சாப்பிட்டேன் மிஸ். மெடிக்கல்காரர் எங்க தெரு. வெளிய தெரிஞ்சா நாளைக்கு யாரும் பொண்ணு கேட்டு வரமாட்டாங்கன்னு அம்மா நிறுத்திட்டாங்க."

அம்மா நாற்காலியிலிருந்து பாதி எழுந்தாள்.

"எனக்கு வலிப்பு இருக்கு."