வரைபடத்தில் எங்கள் தெரு

எங்கள் ஊர்ப் பள்ளியில் ஓர் உலக உருண்டைகூடக் கிடையாது. சமூக அறிவியல் வகுப்புக்கு டேப்லெட்டுகள் வாங்கிக் கொடுத்தவன் நான். பிள்ளைகள் அதில் ஊரையே வரைபடமாக்கியிருக்கிறார்கள் என்று டீச்சர் சுகிர்தா அழைத்தபோது, அம்பாசமுத்திரத்திலிருந்து வந்திருந்த புதுச் சம்பந்தியையும் கூட்டிப்போனேன். என் தாத்தா கட்டிய வீட்டை அவர் அதில் பார்க்க வேண்டும்.

தாமிரபரணி இருந்தது. வாய்க்கால், கோயில், தெற்குத்தெரு டீக்கடைகூட இருந்தது. எங்கள் மேலத்தெரு இருக்க வேண்டிய இடம் மட்டும் வெள்ளையாகக் கிடந்தது.

சம்பந்தி சிரித்தார். "வீடு இருக்கா, இல்ல வித்துட்டீரா வே?"

எனக்கு முகம் சுட்டது. டேப்லெட்டை வைத்திருந்த சிறுமியிடம் கேட்டேன்.

"எங்க தெரு எங்கட்டீ?"

"நடந்து போய்ப் படம் எடுத்த தெருவைத்தான் வரைஞ்சோம், ஐயா."

"எங்க தெருவுக்கு நடந்து வந்தா கால் தேஞ்சிருமோ? யாரு தடுத்தா?"

அவள் டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் தலையசைத்தார்.

"வந்தோம் ஐயா. தெருமுக்குல நீங்கதான் நிறுத்தி, செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு நடங்கன்னு சொன்னீங்க."

சம்பந்தி சிரிப்பதை நிறுத்தினார்.

"டீச்சர்தான், அப்படின்னா அந்தத் தெரு நம்ம படத்துக்கு வேண்டாம்னு சொல்லிட்டாங்க."