தெரியாதும்மா

புயல் ஓய்ந்து மூன்றாம் நாளும் அவள் சமுதாயக்கூடத்துப் பாயை விட்டு எழவில்லை.

கடலுக்குப் போன புருஷன் வரவில்லை. அதே வள்ளத்தில் போன டெல்பினின் புருஷனும் வரவில்லை. டெல்பின் பக்கத்துப் பாயில் இருந்தாள்.

ஆறுதல் சொல்ல வந்தவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள்.

வந்துவிடுவார்.

பங்குத்தந்தை சொன்னார். தாசில்தார் சொன்னார். டீ ஊற்ற வந்தவர்கூட, சர்க்கரை போதுமா என்று கேட்ட கையோடு அதையும் சொல்லிவிட்டுப் போனார்.

நல்ல மனிதர்கள்தான். ஆனால் எவர் சொல்லும் அவளுக்குள் இறங்கவில்லை.

மனநல ஆலோசகர் என்று ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண்ணை அனுப்பியிருந்தார்கள். பெயர் ஷைலா. இவளும் அதே பாட்டைத்தான் பாடப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டே அவள் கேட்டாள்.

"எனக்க மாப்பிள வருவாரா மேடம்?"

"தெரியாதும்மா. தெரியுற வரைக்கும் ஒங்க கூடத்தான் இருப்பேன்."

சுற்றி இருந்தவர்களுக்குப் பகீரென்றது. இதைச் சொல்லவா சம்பளம் கொடுத்து ஆள் அனுப்புகிறார்கள்?

அவளுக்கோ மூன்று நாளில் முதன்முறையாக மூச்சு சீராக வந்தது. இவள் ஒருத்தி ஏமாற்ற மாட்டாள்.

அன்று நாலு வாய் கஞ்சி இறங்கியது.

ஷைலா சொன்னபடியே இருந்தாள். அதிகம் பேசவில்லை. ஊரிலிருந்த அவளுடைய அம்மாவுக்கு போன் போட்டு அவள் கையில் கொடுத்தாள். மணிக்கொருதரம் அதிகாரிகளிடம் விசாரித்தாள். செய்தி இல்லாதபோது, இல்லை என்றே வந்து சொன்னாள். அந்த முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

ஐந்தாம் நாள் காலை தாசில்தார் ஓடி வந்தார்.

"ஒங்க வீட்டுக்காரர் கெடச்சிட்டார்! உயிரோட இருக்கார்!"

அவள் அசையவில்லை. ஷைலாவைப் பார்த்தாள்.

"நெசந்தான். அவர்கிட்ட நானே போன்ல பேசினேன்."

அப்போதுதான் அழுதாள். கூடமே அதிர அழுதாள்.

டெல்பின் எழுந்து நின்றிருந்தாள்.

"எனக்க ஆளு?"

எல்லோரும் ஒரே நேரத்தில் பேச வாயெடுத்தார்கள். ஷைலா முந்திக்கொண்டாள்.

"தெரியாதும்மா. வள்ளம் கவுந்தப்ப ரெண்டு பேரும் பிரிஞ்சிட்டாங்களாம். இன்னும் தேடுறாங்க."

சொல்லிவிட்டு டெல்பினின் பாயில் போய் உட்கார்ந்தாள்.

வாசலில் ஜீப் வந்து நின்றது. புருஷனைச் சேர்த்திருக்கும் ஆஸ்பத்திரிக்கு இரண்டு மணி நேரப் பயணம். தாசில்தார் அவசரப்படுத்தினார்.

அவள் வாசல் வரை போனாள். திரும்பி வந்தாள்.

வந்துவிடுவார் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

டெல்பினின் மறுபக்கம் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஜீப் காத்துக்கொண்டு நின்றது.