ஐந்து நாடு, ஒரு பார்வையாளர்

"கனடா, காலைத் தூக்கு! காலைத் தூக்கடா!"

பூவரச நிழலில் குடையோடு நின்ற பெண் போட்ட சத்தத்தில், கல்வேலிக்கு அங்கால் மேய்ந்த மாடுகூடத் திரும்பிப் பார்த்தது. கனடா காலைத் தூக்கினான். இரண்டு கல்லுக்குக் குறுக்கே வைத்திருந்த பனைமட்டையை ஒருமாதிரித் தாண்டிவிட்டான்.

அதுதான் தடைதாண்டி ஓட்டம்.

பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கு வந்து விருந்தினர் கதிரையில் இருந்த துஷ்யந்தன் சிரிப்பை அடக்கிக்கொண்டார். அவர் கல்விக் கந்தோர் அதிகாரி. மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான். நெடுந்தீவுக்கு வருவது இதுதான் முதல் தடவை. காலை லோஞ்சுப் படகில் வந்த தலைச்சுற்று இன்னும் போகவில்லை.

வந்து இறங்கியவுடனேயே கோபிகா ரீச்சர் கேட்டுவிட்டார்.

"சேர், எங்கடை பள்ளிக்கூடத்தை மூடப் போறியளோ?"

"மூடுறது எண்டு சொல்லாதேங்கோ. பெரிய பள்ளிக்கூடத்தோடை சேக்கிறது. இஞ்சை ஐஞ்சு வகுப்புக்கும் ஐஞ்சு பிள்ளையள்தானே?"

"வகுப்புக்கு ஒண்டு இருக்குத்தானே, சேர். ஒரு வகுப்பும் வெறுமையா இல்லை."

"தொகை எனக்குப் பெரிசில்லை, ரீச்சர். பெற்றாருக்கு அக்கறை இருக்கோ எண்டுதான் பாக்க வந்தனான். அது இருந்தால் நான் இதிலை கை வைக்கமாட்டன். இல்லாட்டி இண்டைக்கே எழுதிப்போடுவன்."

"அப்ப இருந்து பாருங்கோ, சேர்," என்று சொல்லிவிட்டுப் போன ரீச்சர் மைக்கைப் பிடித்தவர்தான், பிறகு இந்தப் பக்கம் வரவே இல்லை. அறிவிப்பாளரும் அவர்தான், நடுவரும் அவர்தான், விசில் ஊதுவதும் அவர்தான்.

சும்மா சொல்லக்கூடாது, ரீச்சர் நன்றாகத்தான் செய்திருந்தார். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு நாடு. கனடா, யப்பான், நோர்வே, ஜமேக்கா, கென்யா. முதுகில் கடதாசிக் கொடி குத்தியிருந்தது. அன்றைக்கு முழுக்க ஒருவருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. கடதாசித் தட்டு எறிந்தால் அது தட்டெறிதல். ஈர்க்கு எறிந்தால் அது ஈட்டி எறிதல்.

குண்டெறிதலுக்குப் பலூன். அங்கேதான் பகிடி. சோழகக் காற்று வீசிக்கொண்டிருந்தது. யப்பான் மூச்சைப் பிடித்து எறிந்த பலூன் அவனுடைய தலைக்கு மேலாலேயே பின்னுக்குப் பறந்து கல்வேலியையும் தாண்டிப் போனது.

"ரீச்சர், பின்னாலை அளப்பியளோ?" என்று யப்பான் கேட்டான்.

"முன்னாலைதான் சாதனை. நீ அந்தப் பலூனை எடுத்துக்கொண்டு வா!"

துஷ்யந்தன் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். ஆனால் சிரித்தபடியே சுற்றிவரப் பார்த்தபோது மனம் சரியில்லாமல் போனது. குடை பிடித்த அந்தப் பெண்ணைத் தவிர மைதானத்தில் வேறு பார்வையாளர் ஒருவரும் இல்லை.

அவளுடைய பிள்ளை கனடாதான் என்று அவர் நினைத்துக்கொண்டார். அடுத்த ஓட்டத்தில் ஜமேக்கா கனடாவை முந்தினாள்.

"விடாதை ஜமேக்கா! விடாதையடி!" என்று அந்தப் பெண் குடையை எறிந்துவிட்டுத் துள்ளினாள்.

துஷ்யந்தனுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"தங்கச்சி, நீர் ஆரின்ரை பக்கம்?"

"வெல்லுற ஆளின்ரை பக்கம், சேர்."

"அப்ப தோக்கிற ஆள்?"

"அவரின்ரை பக்கமும்தான்."

"சொந்தப் பிள்ளை தோக்கேக்கை இப்பிடிச் சிரிக்கிற தாயை நான் கண்டதில்லை."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கடைசிப் போட்டி தொடங்கிவிட்டது. கல்வேலியைச் சுற்றி ஒரு சுற்று. அதுதான் மரதன் ஓட்டம்.

"கென்யா! அங்கை என்ன ஆட்டுக்குட்டியோடை கதை? ஓடு பிள்ளை! நோர்வே, களிசானை இழுத்துவிட்டிட்டு ஓடு! விழப்போறாய்!"

அவளும் வேலியோடு ஓடினாள். முதலாவதாக வந்த நோர்வேக்கும் கை தட்டினாள். கடைசியாக, ஆட்டுக்குட்டியையும் தூக்கிக்கொண்டு வந்த கென்யாவுக்கு இன்னும் பலமாகக் கை தட்டினாள். அவள் முகத்தைப் பார்த்தால் ஐந்து பதக்கமும் அவளுடைய கழுத்திலேயே விழுந்தது போல இருந்தது.

துஷ்யந்தன் பதக்கங்களைப் போட்டுவிட்டார். பிள்ளைகள் ஒவ்வொருவரும் நெஞ்சை நிமிர்த்தி வாங்கினார்கள். கை குலுக்கினார்கள். பிறகு கதிரைகளை அடுக்கப் போனார்கள். அவர் ரீச்சரைக் கூப்பிட்டார்.

"ரீச்சர், போட்டி திறம். பிள்ளையள் தங்கமான பிள்ளையள். உங்களிலையும் குறை சொல்ல ஏலாது."

ரீச்சரின் முகம் மலர்ந்தது.

"ஆனால் நான் என்ன பாக்க வந்தனான்? பெற்றாரின்ரை அக்கறையை. ஐஞ்சு பிள்ளையள் உயிரைக் குடுத்து ஓடுதுகள். பாக்க வந்தது ஒரேயொரு தாய். அந்த மனுசி ஒராள் எத்தினை பேருக்கெண்டு கத்தும்? மற்ற நாலு பிள்ளையளின்ரை தாய்மார் எங்கை? ஒரு நாள், ஒரு மணித்தியாலம் ஒதுக்க ஏலாதோ? இதுக்குப் பிறகு நான் எப்பிடி இந்தப் பள்ளிக்கூடம் இருக்கட்டும் எண்டு எழுதிறது?"

ரீச்சர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவள் தலைமயிரை முடிந்துகொண்டு கிட்ட வந்தாள்.

"சேர், நான் றஜனி. என்ரை மனுசன் சவிரிமுத்து கடலுக்குப் போயிட்டார். இல்லாட்டி அவரும் வந்து நிண்டிருப்பார். அவரைத் தவிர இந்தப் பள்ளிக்கூடத்துப் பெற்றார் எல்லாரும் வந்துதான் நிக்கினம், சேர்."

துஷ்யந்தனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் திரும்பக் கேட்பதற்குள், கனடாவும் யப்பானும் நோர்வேயும் ஜமேக்காவும் கென்யாவும் ஓடிவந்து அவளுடைய சீலையைப் பிடித்து இழுத்து ஒரே குரலில் கத்தினார்கள்.

"அம்மா, பசிக்குது! வீட்டை போவம்!"