கட்டை விரல்

"விரல் அசைஞ்ச விஷயத்தை உள்ள மூச்சு விட்டுடாதீங்கம்மா. உங்க பொண்ணோட இத்தனை வருஷ உழைப்பும் தண்ணியில போயிடும்!" என்று பயிற்சி தரும் மாஸ்டர் கையெடுத்துக் கும்பிட்டார்.

அம்மாவுக்கு ஓட்டை வாய். பரிசோதனை அறை வாசலில் குட்டி போட்ட பூனையாகச் சுற்றிக்கொண்டிருந்தவள், மனசு தாங்காமல் அவரிடமே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

சக்கர நாற்காலி டேபிள் டென்னிஸில் அவள் மகள்தான் சாம்பியன். நாளைக்குப் போட்டி. எந்தப் பிரிவில் ஆடலாம் என்பதை இன்றைய பரிசோதனைதான் முடிவு செய்யும்.

"காலுல துளி அசைவு இருந்தாலும் மேல் பிரிவுக்குத் தூக்கிடுவாங்க. அங்க இருக்கறவங்க இடுப்பை வளைச்சு எம்பி ஆடுவாங்க. மொதல் ரவுண்டுலயே நம்மளை ஊதித் தள்ளிடுவாங்கம்மா."

கால் வந்தால் கப் எதற்கு என்று வாய் வரை வந்தது. அம்மா விழுங்கிக்கொண்டாள்.

போன மாதம் பெரிய டாக்டரும் கையை விரித்துவிட, சோறு தண்ணி இல்லாமல் கிடந்தவள் அவள். அப்போதுதான் ஒருநாள் காலை, போர்வைக்குள் கையை விட்டுக் காலுறையைத் துழாவிக்கொண்டிருந்த மகள், "அம்மா, என் கட்டை விரலைப் பாரேன்!" என்று கத்தினாள். பாதம் இருந்த இடத்தில் போர்வை துள்ளித் துள்ளி எழும்பியது. அன்றைக்குத்தான் அம்மா வயிறாரச் சாப்பிட்டாள்.

உள்ளே அழைத்தார்கள். டாக்டரம்மா ஊசி முனையால் மகளின் பாதத்தைத் தொட்டார்.

"தெரியுதா?"

"இல்ல டாக்டர்."

"விரலை அசைங்க."

"முடியல."

அடிப்பாவி, கண்ணைச் சிமிட்டாமல் புளுகுகிறாளே! அம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

"மாற்றம் எதுவும் இல்ல, அதே பிரிவுலயே ஆடலாம்" என்றார் டாக்டரம்மா. "இனிமே மாறவும் போறதில்ல. நிரந்தரம்னு எழுதிடறேன். அடுத்த தடவை வர வேண்டாம்."

நிரந்தரமா? அம்மா பாய்ந்து படிவத்தின் மேல் கையை வைத்தாள்.

"எழுதாதீங்க டாக்டர்! கப்புக்காக நடிக்கிறா. அவ விரல் அசையும், என் ரெண்டு கண்ணால பாத்தேன். கப் போனா மயிராப் போச்சு, என் பொண்ணு காலைப் பாருங்க!"

கதவருகே நின்ற மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். டாக்டரம்மா நிமிர்ந்தார்.

"பொய் சொல்லி ஆடினா ஆயுசுக்கும் தடை, தெரியுமில்ல? உங்கம்மா சொல்றது உண்மையா?"

எத்தனையோ இறுதி ஆட்டங்களில் கலங்காத கண்கள் கலங்கின. மகள் எட்டி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னைக்குப் போர்வைக்குள்ள அசைஞ்சது என் கைம்மா."