பெரிய தொட்டி

செல்வராணிக்கு இருப்புக்கொள்ளவில்லை. வேறு வீட்டில் தங்கப் போகிறவர்கள் தங்கள் மூச்சுக்கான செடியைக் கையோடு எடுத்துப் போவதுதான் வழக்கம். இரண்டு நாளுக்கு ஒரு சின்னத் தொட்டி போதும். மகள் நித்திலாவோ கல்யாணச் சீரில் கொடுத்த பெரிய தொட்டியையே லிஃப்டில் ஏற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

“மாப்பிள்ளை எப்ப வர்றாரு?”

“வரமாட்டாரும்மா.”

“ரெண்டு நாள்னுதானேடி போன்ல சொன்னே?”

நித்திலா வெளிறிப்போன இலைகளைக் கிள்ளினாள்.

“அங்க இதை எங்க வெச்சிருந்தாங்க?”

“பீரோவுக்குப் பின்னாடி. ஜன்னல் அவங்க செடிங்களுக்குத்தான்.”

பிராணவாயு குறைவதைக் காட்டும் மஞ்சள் விளக்கு சுவரில் கண் சிமிட்டியது. இந்த வீட்டு ஜன்னலிலோ ஒரு தொட்டிக்குத்தான் இடம். செல்வராணி தன் தொட்டியை இழுத்து நிழலில் விட்டாள்.

“தூக்குடி, வெயில் போறதுக்குள்ள.”