முன்னூறு வருஷத்துப் படம்

மறுபடியும் மிஷின் அதையேதான் காட்டியது. டைட்டானியம்.

பொன்செல்வி மிஷினைத் துடைத்துவிட்டு வேறு இடத்தில் வைத்துப் பார்த்தாள். படத்தில் இருந்த வள்ளத்தின் பாயில் வைத்தாலும் டைட்டானியம், அலை நுரையில் வைத்தாலும் டைட்டானியம். பழைய படமென்றால் வெள்ளை வர்ணத்தில் ஈயமல்லவா இருக்க வேண்டும்? இந்த டைட்டானியம் வெள்ளை கடைக்கு வந்தே நூறு வருஷம்தான் ஆகிறது. படத்துக்கு முன்னூறு வயசு என்று வாசலில் பேனரே கட்டியாயிற்று.

ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம் நெல் விளைகிற ஊரிலிருந்து வந்து எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி படிக்கிற பிள்ளை அவள். தூத்துக்குடியில் ஒரு கலை அருங்காட்சியகத்தில் இரண்டு மாச இன்டர்ன்ஷிப். எக்ஸ்-ரே மிஷினைப் படத்தின் மேல் காட்டி, எந்த வர்ணத்தில் என்ன உலோகம் இருக்கிறது என்று எழுதித் தர வேண்டும். முதல் படமே இப்படியா வாய்க்கணும்?

படத்தைக் கொடுத்தவள் எமில்டா. திரேஸ்புரத்தில் மீன் ஏலம் எடுக்கிறவள். உடைந்த வள்ளத்துப் பலகையில் வரைந்த படம். காலில் கல்லைக் கட்டிக்கொண்டு முத்துக் குளிக்க ஒருத்தன் கடலில் இறங்குகிறான். மேலே அவன் மச்சான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். டச்சுக்காரர் காலத்திலிருந்து எங்கள் வீட்டில் இருக்கிறது என்று சொல்லி, சல்லிக்காசு கேட்காமல் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஆனால் வாரம் தவறாமல் வந்து நின்றாள். படத்தை எப்ப மாட்டுவிய என்று ஒரே கேள்விதான். சும்மா கொடுக்கிறவளுக்கு இவ்வளவு அவசரம் எதுக்கு, இதில் ஏதோ உள்குத்து இருக்கிறது என்று ஆபீசில் பேசிக்கொண்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

டைரக்டர் சிவசுப்பிரமணியன் சாருக்கோ படத்தைப் பார்த்த நாளிலிருந்து கால் தரையில் பாவவில்லை. முங்கப் போகிறவனின் பயம் அந்தக் கண்ணில் அப்படியே இருக்கு, இப்படி வரைய இன்றைக்கு இந்தக் கரையில் ஆளே கிடையாது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். கூடவே இன்னொன்றும் சொல்லியிருந்தார். எவனாவது போலிப் படத்தைத் தலையில் கட்டினால் நேரே போலீஸ்தானாம்.

பொன்செல்விக்குச் சோறு இறங்கவில்லை. அந்த டைட்டானியம் கணக்கை மட்டும் விட்டுவிட்டு ரிப்போர்ட் எழுதினால் யாருக்குத் தெரியப் போகிறது? அப்புறம் படித்த படிப்புக்கு என்ன மரியாதை? எழுதினாலோ, அந்தப் பொம்பளை ஸ்டேஷன் வாசலில் நிற்பாள்.

அன்றைக்கும் எமில்டா வந்தாள். பொன்செல்வி அவளை மாடிப்படிக்குக் கீழே ஒதுக்கமாகக் கூட்டிக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னாள்.

"அக்கா, சார் பாக்குறதுக்குள்ள படத்தைத் திருப்பி வாங்கிட்டுப் போயிருங்க. நான் ரிப்போர்ட்டே கொடுக்கல."

எமில்டா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பயந்த மாதிரியே தெரியவில்லை.

"நீ எதுக்கு பிள்ள பொய் எழுதணும்? உள்ளதை எழுது. வா, சார்கிட்டயே போவோம்."

பொன்செல்வி உள்ளபடி ரிப்போர்ட்டை எழுதி எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். அகப்பட்டுக்கொண்டவளோ ஏலத்துக்குப் போகிறவள் போல முன்னால் நடக்கிறாள். என்ன ஜென்மமோ!

ரிப்போர்ட்டைப் படித்ததும் சாருக்கு முகம் கறுத்துவிட்டது. இந்த வெள்ளை எங்கே கிடைக்கும் என்று கேட்டார். இப்போது எந்த பெயிண்ட் கடையிலும் கிடைக்கும், வள்ளத்துக்கு அடிக்கிற எனாமல் பெயிண்டில்கூட இதுதான் இருக்கும் என்றாள் பொன்செல்வி. சார் மேஜையில் இருந்த போனை எடுத்துவிட்டார்.

"சார், வேண்டாம் சார்" என்று பொன்செல்வி குறுக்கே போனாள். இன்டர்ன்ஷிப் சர்டிபிகேட் போனால் போகட்டும் என்றே ஆகிவிட்டது அவளுக்கு.

"நீ சும்மா இரும்மா. படத்தைத் திறந்து வைக்கக் கலெக்டர் வரைக்கும் அழைச்சாச்சு, என் மானமே போகுது" என்றவர் எமில்டாவிடம் திரும்பினார். "யார் வரைஞ்சது இதை?"

"எங்க வீட்டுக்காரரு. வள்ளத்துக்கு பெயிண்ட் அடிக்கிறவரு. வெளிய கேட்டுப் பக்கத்துல வண்டியில உக்காந்திருக்காரு, கூப்பிட்டா உள்ள வரமாட்டேங்காரு."

"பலகையில இவ்வளவு கறை படிஞ்சிருக்கே, அது?"

"ஒரு வருஷம் விறகு அடுப்புக்கு மேல தொங்க விட்டேன் சார். முன்னூறு வயசு ஆயிட்டு."

பொன்செல்வி தலையில் கை வைத்துக்கொண்டாள். இதற்கு மேல் யாரால் காப்பாற்ற முடியும்?

"இவ்வளவு திருட்டுத்தனம் எதுக்கு?" சார் பல்லைக் கடித்தார். "என் புருஷன் வரைஞ்சதுன்னு உள்ளதைச் சொல்லிக் கொண்டாந்திருக்கலாமே?"

எமில்டா மேஜைக்குக் கிட்டே வந்தாள்.

"முதல்ல அப்படித்தான் அவரே கொண்டாந்தாரு சார். வள்ளத்துக்கு பெயிண்ட் அடிக்கிறவனுக்கு இங்கன என்ன வேலைன்னு வாசல்லயே திருப்பி அனுப்பிட்டிய. சுத்தியிருந்த சாக்கைக்கூட நீங்க அவுக்கச் சொல்லல."